'லகாய் சூசனி' என்று ஒன்று உண்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இஸ்தான்புல் சந்தையில் ஒரு துணி வாங்கியிருக்கிறார். இரண்டு சாண் சதுரம். சிவப்புக் கம்பளித் துணியின் மேல் பட்டு நூலில் சுழல் சுழலாக எம்பிராய்டரி, மூன்று பக்கம் குஞ்சம். "லகாய் சூசனி, நூறு வருஷத்துக்கு மேல் பழசு" என்று சொல்லி விற்றிருக்கிறார் கடைக்காரர். லகாய் என்பவர்கள் யார், இதை எதற்கு வைத்திருந்தார்கள், கடைக்காரர் சொன்னதை நம்பலாமா என்று கேட்கிறார்.

'லகாய்' சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. 'சூசனி' சரியில்லை. வயதைப் பொறுத்தவரை, துணியைப் புரட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன். மத்திய ஆசியத் துணி எது கைக்கு வந்தாலும் இது என்ன சின்னம், என்ன அர்த்தம் என்று ஆரம்பிக்காமல், இதற்கு வீட்டில் என்ன வேலை இருந்தது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தால் அளவும் வடிவமும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும். யார் செய்திருப்பார்கள் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

லகாய்கள் உஸ்பெக் இனத்தைச் சேர்ந்த ஒரு குலத்தார். இன்றைய தஜிகிஸ்தானின் தென்பகுதிதான் அவர்கள் ஊர்: ஹிசார் பள்ளத்தாக்கு, யாவான், பல்ஜுவான், வக்ஷ் ஆற்றுப் பக்கம். 1920 வரை அது புகாரா அமீரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கிழக்கு புகாரா என்பார்கள். ஆடும் குதிரையும்தான் அவர்களுடைய சொத்து. கொழுத்த வாலுள்ள ஹிசார் செம்மறியும், மலைப்பாதையில் தடுமாறாமல் நடக்கும் லகாய் குதிரையும் அந்தப் பகுதியின் பெயர் சொல்லும் இனங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் பாதி நாடோடி, பாதி விவசாயி என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். குளிர்காலம் பள்ளத்தாக்கில், கோடையில் மந்தையோடு மேட்டு மேய்ச்சல் நிலத்தில். சோவியத் இனவியலாளர் பல்கிஸ் கார்மிஷேவா 1940கள், 50களில் இவர்களிடையே வேலை செய்து எழுதியவை இன்றும் அடிப்படையான பதிவுகள். தஜிகிஸ்தானின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லகாய்களை மற்ற உஸ்பெக்குகளோடு சேர்க்காமல் தனியாக எண்ணினார்கள். சுமார் 65 ஆயிரம் பேர்.

சரி, சூசனி என்றால் என்ன? அது நகரத்து, ஊர்ப்புறத்து வீடுகளின் சீர்வரிசைத் துணி. புகாரா, சமர்கந்து, நூராதா, ஷஹ்ரிசப்ஸ், தாஷ்கந்து என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாணி உண்டு. சுவரை மறைக்கும், கட்டிலை மூடும் அளவுக்குப் பெரியது. கைத்தறியில் நெய்த பருத்திப் பட்டைகளை முதலில் லேசாக இணைத்துத் தைத்து, வரைவதில் தேர்ந்த ஒரு பெண்மணியைக் கூப்பிட்டு முழுப் படத்தையும் வரைய வைப்பார்கள். பிறகு பட்டைகளைப் பிரித்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு தைப்பார்கள். திரும்ப இணைக்கும்போது பூவின் ஒரு பாதி கொஞ்சம் மேலே, மறு பாதி கொஞ்சம் கீழே என்று நிற்கும். நிறம்கூட ஒத்துப்போகாது. பழைய சூசனியில் அந்தப் பிசகுதான் அழகு. ஆக, சூசனிக்கு நிரந்தரமான சுவர் வேண்டும். விரித்து வைக்க இடம் வேண்டும்.

லகாய்க் குடும்பத்துக்கு இருந்தது மரச்சட்டகத்தில் நமுதா, அதாவது கம்பளியை அடித்து இறுக்கிச் செய்த தடித்த விரிப்பு, போர்த்திய வட்டக் கூடாரம். வருஷத்துக்குச் சில தடவை அதைப் பிரித்து விலங்குகள் மேல் ஏற்ற வேண்டும். அங்கே இரண்டரை மீட்டர் துணியை எங்கே மாட்டுவது? அதனால் அவர்களுடைய எம்பிராய்டரி எல்லாமே சிறியது, மடங்கக்கூடியது, ஏதாவது ஒரு பொருளோடு ஒட்டியது. கண்ணாடி வைக்கும் பை, தேயிலைப் பை, துணிமணி வைக்கும் பெரிய பை, குதிரைக்கு அலங்காரம் இப்படி.

கூடார வாசலுக்கு நேர் எதிரே உள்ள பின்பக்கம்தான் மரியாதையான இடம். விருந்தாளியை அங்கேதான் உட்கார வைப்பார்கள். அவருக்குப் பின்னால் மரப்பெட்டிகள். பெட்டிகளுக்கு மேல் மடித்து அடுக்கிய ரஜாய்கள், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வைகள். பகலில் படுக்கை எல்லாம் அங்கே ஏறிவிடும். அந்த அடுக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு வசதியான வீடு என்று கணக்கு. அடுக்கின் ஓரங்களில் மடிப்பு தெரியாமல் இருக்க, ரஜாய்களுக்கு நடுவே செருகி முன்பக்கம் தொங்கவிடும் துணிதான் செகூஷா. இரண்டு நீளப் பட்டைகள் ஒரு முனையில் கூடி 'வி' எழுத்து மாதிரி இருக்கும். ஏலப் பட்டியல்களில் இதைக் கழுத்தணி, சேணத்துணி என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். படுக்கை அடுக்கை மனதில் வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை: 'வி'யின் நடுவில் எதுவும் கிடையாது, ஏனென்றால் அங்கே ரஜாய் இருந்தது.

கேள்வி கேட்டவர் கையில் இருப்பது செகூஷா அல்ல. சதுரம், மூன்று பக்கம் குஞ்சம், மேல்பக்கம் மட்டும் வெறுமனே என்றால் அது பெரும்பாலும் இல்கிச்சாக இருக்கும். கூடாரத்தின் உட்பக்கம் தொங்கவிடுவது. சில சதுரம், சில கீழ்ப்பக்கம் கூம்பிக் கேடயம் மாதிரி இருக்கும். பார்த்தால் பை போல இருக்கும், ஆனால் பலவற்றில் பையே கிடையாது. முழுக்க முழுக்க பார்வைக்குத்தான். ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் தாயிடம் பழகி, தன் கையால் செய்து, புகுந்த வீட்டுக் கூடாரத்தில் மாட்டுவது. விற்பனைக்காகச் செய்த பொருளே அல்ல. அதனால்தான் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை.

இப்போது துணியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். லகாய் வேலையில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் பார்த்தவுடன் வேறு வேறு.

முதலாவது, அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. தளம் சகலாத்து, அதாவது நெய்தபின் அடித்து இறுக்கிய தடித்த கம்பளித் துணி. பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு அல்லது கருநீலம். ரஷ்ய ஆலைகளிலிருந்து வியாபாரிகள் வழியாக வந்தது. இந்தத் துணியில் இழை தெரியாது. எண்ணித் தைக்க முடியாது, எண்ணவும் வேண்டாம். கை போகும் பக்கமெல்லாம் ஊசி போகலாம். அதனால் வளைவுகள். சங்கிலித் தையலில் உருவத்தின் ஓரத்தை ஒரு நிறத்தில் கட்டி, அதை ஒட்டியே இன்னொரு நிறத்தில் அடுத்த வரிசை, அதற்குள் அடுத்தது என்று உள்ளே சுற்றிக்கொண்டே போவார்கள். நிரப்பிய வரிசைகள் உருவத்தின் வளைவோடு சேர்ந்தே வளைவதால், அசையாத துணியில் சுழற்சி தெரியும். நம் ஊரில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறார்களே, அதே சங்கிலிதான். மத்திய ஆசியாவிலும் கொக்கி ஊசியால் போடுவார்கள், சாதாரண ஊசியாலும் போடுவார்கள்.

ஒரு நல்ல துண்டில் கவனிக்க வேண்டியது, விட்டுவைத்த இடம். நகரத்து வேலையில் தளத்தைக் கொடியும் இலையும் நிறைத்துவிடும். லகாய்ப் பெண் நடுவில் ஒரு பெரிய சுழலை வைத்து, அதைச் சுற்றிச் சிவப்பை அப்படியே விட்டுவிடுவாள். மூலைகளில் நான்கு கொக்கி உருவங்கள். மூன்று ஒரே மாதிரி இருக்கும், நான்காவதில் திடீரென்று பச்சைக்குப் பதில் ஆரஞ்சு வரும். நூல் தீர்ந்துபோனதால்தான் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றிரண்டில் அப்படி இருக்கலாம். ஆனால் நல்ல துண்டுகள் அத்தனையிலும் சரியாக அந்த இடத்தில் நூல் தீர்ந்துபோகும் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அது வேண்டுமென்றே செய்தது. இடமும் வலமும் அச்சு வார்த்தாற்போல் இருந்தால் இவர்கள் கண்ணுக்கு அது செத்த வேலை என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாவது வழி, எண்ணித் தைப்பது. தளம் சாதாரணப் பருத்தி. அதன் மேல் பட்டு நூலில் குறுக்குத் தையலோ அரைக் குறுக்குத் தையலோ போட்டு, தளமே தெரியாதபடி மூடிவிடுவார்கள். எண்ணுவதால் எல்லாம் படிப்படியாக, கட்டம் கட்டமாக வரும். பார்ப்பதற்குக் கம்பள நெசவு போல இருக்கும். செகூஷாக்களில் நிறைய இந்த வகைதான். பொறுமை இதில்தான் அதிகம் தேவை. ஆனால் சந்தையில் மவுசு முதல் வகைக்கு. எனக்கும் முதல் வகைதான் பிடிக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு வகையிலும் ஓரம் முக்கியம். வெட்டிய விளிம்பை மறைக்க ஒரு மெல்லிய பின்னல் பட்டை இருக்கும். தனியாக நெய்து கொண்டுவந்து ஒட்டியதல்ல; விரலில் நூல் வளையங்களை மாட்டி ஒருவர் பின்னப் பின்ன, இன்னொருவர் அதைத் துணி விளிம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டே வருவார். அதிலிருந்து குஞ்சங்கள். பின்பக்கத்துக்கு ரஷ்யச் சீட்டித் துணியோ, கட்டுச் சாய முறையில் நெய்த இக்கத் துணியின் மிச்சமோ வைத்துத் தைத்திருப்பார்கள்.

நிறத்தில்தான் காலம் ஒளிந்திருக்கிறது. பழைய முறையில் சிவப்புக்கு மஞ்சிட்டி வேரோ கொச்சினீல் பூச்சியோ, மஞ்சளுக்கு மலைச்சரிவில் பூக்கும் ஒரு காட்டுப்பூ, நீலத்துக்கு அவுரி. புகாராவுக்கு அவுரி இந்தியாவிலிருந்து போனது. அங்கே நீலச் சாயத் தொழில் பெரும்பாலும் புகாரா யூதர்கள் கையில் இருந்தது. ரஷ்யா 1865இல் தாஷ்கந்தையும் 1868இல் சமர்கந்தையும் பிடித்தது. 1888இல் ரயில் சமர்கந்து வரை வந்துவிட்டது. ரயிலோடு ஆலைத் துணியும் பொட்டலச் சாயமும் வந்தன. ஐரோப்பாவில் 1850களின் கடைசியில் கண்டுபிடித்த மெஜந்தா என்ற செயற்கைச் சாயம் மலைப்பள்ளத்தாக்குக் கூடாரம் வரை போய்ச் சேர்ந்ததற்கு இந்தப் பாதைதான் காரணம். லகாய் துணிகளில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, ஊதா, பளீர் ஆரஞ்சு எல்லாம் பெரும்பாலும் இந்தச் சாயங்கள். "செயற்கைச் சாயம் இருந்தால் மட்டம்" என்ற கம்பளச் சந்தைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். சகலாத்தே ஆலைச் சரக்கு. அதன் மேல் புதுச் சாயம் ஏறிய பட்டு. அந்தப் பெண்கள் புதிதாகக் கிடைத்த நிறங்களை ஆசையோடு பயன்படுத்தியிருக்கிறார்கள், அது துணியைப் பார்த்தாலே தெரிகிறது.

உருவங்களைப் பற்றி வியாபாரிகள் சொல்லும் கதைகளை ஒரு சிட்டிகை உப்போடு கேட்டுக்கொள்ளுங்கள். வளைந்த இரட்டைக் கொக்கி ஆட்டுக்கடாக் கொம்பு என்பதில் பிரச்சினை இல்லை. கஜகஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான் வரை மந்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். தேள் உருவம் தேளை விலக்கும் என்ற நம்பிக்கையும் அந்தப் பகுதியில் பரவலானது. ஆனால் நடுச்சுழலைக் காட்டி "இது ஷாமன் மந்திரச் சூரியன்" என்று ஆரம்பித்தால், அது விலையை ஏற்றும் பேச்சு. லகாய்கள் முஸ்லிம்கள், கூடாரத்தில் தொங்கிய துணியில் பழைய நம்பிக்கைகளின் தடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தைத்தவளிடம் யாரும் கேட்டு எழுதி வைக்காத ஒரு துண்டுக்கு இப்போது அகராதி போடுவது வீண் வேலை.

'லகாய்' என்ற பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்திலேயே குங்கிராத் என்ற இன்னொரு உஸ்பெக் குலம் இருக்கிறது, முக்கியமாக உஸ்பெகிஸ்தானின் தெற்கே பாய்சூன் பக்கம். அவர்களும் அதே மாதிரி கூடாரம், அதே மாதிரி பைகள், செகூஷாக்கள் செய்தவர்கள். வேறு குலங்களும் உண்டு. கல்யாண உறவில் பெண்கள் ஒரு குலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கையிலிருந்த வேலையும் சேர்ந்துதான் போகும். ஆனால் சேகரிப்பாளர்களிடம் 'லகாய்' என்ற பெயர் முதலில் பிரபலமாகிவிட்டதால், உஸ்பெக் நாடோடி எம்பிராய்டரி எதுவானாலும் கடைகளில் லகாய் ஆகிவிட்டது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் இந்த வகைத் துணிகளின் நல்லதொரு தொகுப்பு இருக்கிறது. படங்கள் இணையத்தில் கிடைக்கும். உங்கள் துண்டை அவற்றோடு வைத்துப் பாருங்கள். சகலாத்து, தாராளமாக விட்ட வெற்றிடம், பெரிய சுழல், தைரியமான நிற மாற்றம் எல்லாம் சேர்ந்திருந்தால் லகாய் என்று சொல்வதில் தப்பில்லை. நான் எழுதுவதாக இருந்தால் 'லகாய் அல்லது அருகிலுள்ள உஸ்பெக் குலம்' என்று எழுதுவேன்.

தெற்குத் தஜிகிஸ்தானில் தைத்த துணி இஸ்தான்புல் கடைக்கு எப்படி வந்தது? 1920இல் சோவியத் செம்படை புகாராவைப் பிடித்து அமீரை விரட்டியது. அதை எதிர்த்துச் சண்டையிட்ட பஸ்மாச்சிகள் என்ற கிளர்ச்சிக்காரர்களில் கடைசிவரை நின்ற தலைவர் இப்ராஹிம் பெக் ஒரு லகாய். 1926இல் அவர் ஆமூ தரியா ஆற்றைத் தாண்டி ஆப்கானிஸ்தானுக்குப் போனார். 1931இல் திரும்பி வந்தபோது பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருஷங்களில் ஏராளமான லகாய்க் குடும்பங்கள் மந்தையோடும் மூட்டையோடும் ஆற்றைக் கடந்து வட ஆப்கானிஸ்தானின் குந்தூஸ், தகார் பக்கம் குடியேறின. போகாமல் சொந்த ஊரிலேயே தங்கியவர்களுக்குக் கூட்டுப்பண்ணை வந்தது. மேய்ச்சலுக்கு இடம்பெயர்வது நின்றது. வக்ஷ் பள்ளத்தாக்கில் பருத்தி வந்தது. கூடாரம் போனபின் கூடாரத்துக்குச் செய்யும் துணியும் மெல்ல நின்றுபோனது.

ஆற்றுக்குத் தெற்கே போன மூட்டைகள்தான் பிறகு சந்தைக்கு வந்தன. 1970களில் காபூல் வழியாக வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போன காலம். அங்கே சிக்கன் ஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவில் இந்தச் சின்னச் சதுரங்கள் மேசைத் துணி விலையில் கிடைத்தன. 1979 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு அகதிகளோடு பாகிஸ்தானின் பெஷாவருக்கு வந்தன. 1991இல் சோவியத் யூனியன் உடைந்து எல்லைகள் திறந்தபின் வடக்கேயிருந்து இன்னொரு அலை. இஸ்தான்புல் எல்லாவற்றுக்கும் பொதுச் சந்தை. பழைய சரக்கு தீரத் தீர, புதுச் சரக்கு செய்வதும் தொடங்கிவிட்டது.

அதனால் உங்கள் துண்டைப் பின்வருமாறு பாருங்கள். பின்பக்கத்து உள்துணியின் ஒரு மூலை பிரிந்திருந்தால் அதன் வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். பிரியவில்லையென்றால் நீங்கள் பிரிக்க வேண்டாம். உள்ளே பட்டு முன்பக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்தால், வெளிச்சத்தில் பல வருஷம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னும் பின்னும் ஒரே வெளிறல் என்றால் யாரோ ரசாயனத்தில் முக்கிப் பழசாக்கியிருக்கலாம். சங்கிலிக் கண்ணிகள் எல்லாம் அளந்து வைத்ததுபோல் ஒரே நீளத்தில் இருந்தால் இயந்திர வேலை என்று சந்தேகப்படுங்கள். கை வேலையில் வளைவு வரும் இடத்தில் கண்ணி சுருங்கும், நேர்கோட்டில் நீளும். சகலாத்தில் பூச்சி அரித்த குழிகள் இருந்தால் அது நல்ல அறிகுறிதான், ஆனால் பூச்சி பட்டு நூலைத் தொடாமல் கம்பளியை மட்டும் தின்றிருக்க வேண்டும். ஓரத்தில் உதிர்ந்த ஓர் இழையைத் தீயில் காட்டுங்கள்: பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து பொடியாகும், செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். பின்பக்கத் துணி பாலியெஸ்டர் என்றால் அது பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தளமே அக்ரிலிக் என்றால் சந்தேகமில்லை, புதுசு.

புதுசு என்று தெரிந்தால் வருத்தப்படவும் வேண்டாம். கையால் செய்ததாக இருந்தால் அதற்கும் உழைப்பு உண்டு. நூறு வருஷ விலை கொடுத்திருந்தால்தான் வயிறு எரியும்.

எதுவாக இருந்தாலும் துவைக்காதீர்கள். மெஜந்தாவும் ஊதாவும் தண்ணீர் பட்டால் ஓடிப் பக்கத்து மஞ்சளைக் கெடுத்துவிடும். டிரை கிளீனிங்கும் வேண்டாம். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் கம்பளித் துணியை அரிக்கும் பூச்சிதான் பெரிய எதிரி. காற்றுப் புகாத பாலிதீன் உறையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் புழுவும் முட்டையும் சாகும். எடுத்தபின் அறைச்சூட்டுக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது, இல்லையென்றால் துணி வியர்க்கும். மடித்து வைத்தால் மடிப்பில் பட்டு அறுந்துபோகும். பழைய வேட்டியில் சுற்றித் தட்டையாகவோ உருளையாகவோ வையுங்கள். சுவரில் மாட்டுவதானால் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். ஆணியடித்து இழுக்காமல், பின்னால் ஒரு காடாத் துணி வைத்துத் தைத்து அந்தத் துணியை மாட்டச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டம் போடுகிறவர்கள் அழகாக இருக்கட்டும் என்று குஞ்சத்தை உள்ளே மடக்கிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கீழே நாலு விரல் இடம் கூடுதலாக விட்டால் போதும்.